கண்ணை மூடினால் அண்ணன் முகம்

அன்புள்ள ஐயா,

தஞ்சாவூரில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். வயது 44. அப்பா காலமான பிறகு வீட்டைப் பாகம் பிரிப்பதில் தகராறாகி, எனக்கும் அண்ணனுக்கும் பேச்சு நின்று இரண்டு வருடமாகிறது. மனம் அமைதியாக வேண்டும் என்று எட்டு மாதமாகத் தினமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து அரை மணி நேரம் தியானம் செய்கிறேன். கண்ணை மூடியதும் அண்ணன்தான் வந்து நிற்கிறார். அவரை நினைக்கவே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தால் அன்றைக்கு இன்னும் அதிகம் வருகிறார். அண்ணி பேசியது வரிக்கு வரி காதில் கேட்கிறது. எழுந்திருக்கும்போது உட்காரும்போது இருந்ததைவிடக் கோபமாக இருக்கிறேன். எனக்கு மன உறுதி போதவில்லையா? இல்லை, இதெல்லாம் எனக்கு ஒத்தே வராதா?

எஸ்.


அன்புள்ள எஸ்.,

கோபத்தோடுதான் எழுந்திருக்கப்போகிறோம் என்று தெரிந்தும் எட்டு மாதம் விடாமல் போய் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களுக்கு மன உறுதி இல்லை என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். அந்த உறுதியை எதன்மேல் செலவழிக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி.

மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று வைத்தியர் சொன்ன கதை நமக்குத் தெரியும். 1987-இல் அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வு ஏறக்குறைய இதே கதைதான். குரங்குக்குப் பதில் வெள்ளைக் கரடி. மாணவர்களைத் தனியாக உட்காரவைத்து, ஐந்து நிமிடம் மனதில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லுங்கள், வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள், நினைத்துவிட்டால் மணியடியுங்கள் என்றார்கள். மணி ஓயவில்லை. அடுத்த ஐந்து நிமிடம், இனி தாராளமாக நினைக்கலாம் என்றதும், முதலிலிருந்தே நினைக்க அனுமதி பெற்றிருந்தவர்களைவிட இவர்களுக்குத்தான் கரடி அதிகம் வந்தது. ஒன்றை நினைக்காமலிருக்க வேண்டுமானால், அது வந்துவிட்டதா என்று மனதின் ஒரு பகுதி காவல் இருந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று வெக்னர் பின்னால் விளக்கினார். யாரை உள்ளே விடக்கூடாது என்பது காவல்காரனுக்கு மறக்கவே கூடாதல்லவா? உங்கள் அண்ணன் உங்களை விட்டு நகராமல் இருப்பது இதனால்தான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பத்து நாள் விபாசனா தியான முகாமில் இருந்தேன். பர்மாவில் ஊ பா கின் என்ற ஆசிரியரிடம் கற்ற கோயங்கா, 1969-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த முறை அது. விடிகாலை நாலு மணிக்கு மணியடிப்பார்கள். யாரோடும் பேச்சில்லை. முதல் மூன்று நாள் மூக்கு நுனியில் மூச்சு வந்துபோவதைக் கவனிப்பது மட்டும்தான் வேலை. நான்காம் நாளிலிருந்து தினமும் மூன்று முறை அதிட்டானம்: ஒரு மணி நேரம் கண் திறக்காமல், கைகால் அசைக்காமல் இருப்பேன் என்ற உறுதி.

முதல் தடவை பாதி நேரம்கூட ஆகியிருக்காது, வலது முழங்காலில் நெருப்பு வைத்ததுபோல் ஆகிவிட்டது. தாடையை இறுக்கினேன். தோள் காதுவரை ஏறிவிட்டது. வலி போகட்டும், போகட்டும் என்று உள்ளுக்குள் கத்திக்கொண்டே மணி அடிக்கும்வரை இருந்தேன். வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றபோது அழுகை வந்தது. மறுநாள்தான் ஒன்று புரிந்தது. காலை அசைக்காதே என்று மட்டும்தான் சொல்லியிருந்தார்கள். வலிக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, அதை நானாகச் சேர்த்துக்கொண்டிருந்தேன். அன்று கால்களை மட்டும் அசைக்காமல் வைத்துக்கொண்டு வலியைப் பார்த்தேன். ஒரே கட்டியாக இருந்தது, பார்க்கப் பார்க்கத் துடிப்பாகவும் சூடாகவும் பிரிந்தது. நடுநடுவே விட்டுவிட்டும் வந்தது. மணி அடித்தபோதும் முழங்கால் வலித்துக்கொண்டுதான் இருந்தது. நான் மல்லுக்கு நிற்பதை விட்டிருந்தேன். அமைதி என்று என் வாழ்க்கையில் எதையாவது சொல்ல முடியுமென்றால் அந்தச் சில நிமிடங்களைச் சொல்வேன்.

கீதையின் ஆறாவது அத்தியாயத்தில், நிலையற்ற மனம் எங்கெங்கே ஓடுகிறதோ அங்கங்கிருந்து அதைத் திருப்பிக் கொண்டுவா என்று வருகிறது. ஓடுமென்பதைத் தெரிந்துகொண்டே சொன்ன வாக்கியம். திருப்பிக் கொண்டுவருவதுதான் நம் வேலை. அண்ணன் முப்பது முறை வந்தால் முப்பது முறை திரும்ப வேண்டியிருக்கும், அவ்வளவு வேலை அன்றைக்கு நடந்திருக்கிறது. நீங்கள் அதை முப்பது தோல்வியாக எண்ணிக்கொண்டு எழுந்திருக்கிறீர்கள், எஸ். எனக்கு அதுதான் வருத்தமாக இருக்கிறது.

கொஞ்ச நாளைக்கு அரை மணி வேண்டாம், பத்து நிமிடம் போதும். அண்ணன் வந்தால் மனதுக்குள் 'அண்ணன்' என்று ஒரு சொல் சொல்லுங்கள், மூச்சுக்குத் திரும்புங்கள். அண்ணி பேசினால் 'பேச்சு'. கோபம் வந்தால் அது உடம்பில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள், நெஞ்சிலா, தொண்டையிலா. பத்து நிமிடம் முடியாமல் எழுந்திருப்பதில்லை என்பதில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். உங்கள் உறுதி முழுவதும் அதற்கு இருக்கட்டும். தூக்கம் கெட்டு வாரக்கணக்காகிறது என்றால் ஒரு மருத்துவரையும் பாருங்கள். அந்த நிலையில் பத்து நாள் மௌன முகாமுக்கெல்லாம் போக வேண்டாம்.

இன்னொன்று. உங்கள் தலைக்குள் ஓடுவதில் பாதி, செய்யாமல் கிடக்கும் வேலை. வீடு இன்னும் பாகம் பிரியாமல்தானே இருக்கிறது? எவ்வளவு மூச்சைக் கவனித்தாலும் அது தீராது. மூலப் பத்திரத்தின் நகல், வாரிசுச் சான்றிதழ், வில்லங்கச் சான்றிதழ் மூன்றையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு வக்கீலைப் பாருங்கள். அண்ணனிடம் என்ன கேட்கப்போகிறீர்கள், எதுவரை விட்டுக்கொடுப்பீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பேச முடியாவிட்டால் இருவருக்கும் வேண்டிய ஒரு பெரியவர் மூலம் அதைக் கொடுத்தனுப்புங்கள். வக்கீலிடம் போகிற அன்றைக்கும் காலையில் அந்தப் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டே கிளம்புங்கள்.