வாடிய பூக்களைக் கிள்ளிவிட்டால் செடி உண்மையிலேயே அதிகம் பூக்குமா? ரோஜாவில் எந்த இடத்தில் வெட்ட வேண்டும்?

பூக்கும். ஆனால் இதழை மட்டும் கிள்ளினால் ஒரு பிரயோஜனமும் இல்லை. எனக்கு இது பெட்டூனியாவில்தான் புரிந்தது.

முதல் தடவை வளர்த்தபோது தினமும் காலையில் தொட்டி முன்னால் உட்கார்ந்து, துவண்ட பூக்களை ஒவ்வொன்றாக உருவி எடுப்பேன். லேசாக இழுத்தாலே கையோடு வந்துவிடும். தொட்டியும் பார்க்கச் சுத்தமாக இருக்கும். சில வாரங்களில் பூப்பது குறைந்தது. சத்து போதவில்லையோ என்று உரம் வைத்தேன், இலைதான் தழைத்தது. அப்புறம் ஒருநாள் உற்றுப் பார்த்தால், பூவை உருவிய இடத்திலெல்லாம் பச்சையாக ஒரு குட்டிக் காய். நகத்தால் கீறினேன். உள்ளே கடுகைவிடப் பொடியாக விதைகள். நான் எடுத்ததெல்லாம் வெறும் இதழ். செடி தன் பாட்டுக்குக் காய் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

செடி பூப்பதே விதைக்காகத்தான். காய் முற்றத் தொடங்கினால் சத்து அங்கே போய்விடும், புது மொட்டுகள் குறையும். அதனால் காம்போடு சேர்த்து எடுங்கள். செண்டுமல்லி, ஜினியா, காஸ்மாஸ் எல்லாவற்றுக்கும் அடுத்த இலைக் கணு வரை இறங்கி வெட்டினால் போதும்.

ரோஜாவில் வாடிய பூவிலிருந்து கீழே வாருங்கள். முதலில் மூன்று சிற்றிலைகள் கொண்ட இலை வரும், அதற்குக் கீழே ஐந்து கொண்டது. ஐந்து சிற்றிலை உள்ள, வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குக் கால் அங்குலம் மேலே வெட்டுங்கள். துளிர்த்து அடுத்த பூ வர ஏறக்குறைய ஆறு வாரம் ஆகும். செடி இளசாகவோ நோஞ்சானாகவோ இருந்தால் இவ்வளவு கீழே போக வேண்டாம். இலைகள்தான் அதற்குச் சாப்பாடு.

டேலியாவில் கொஞ்சம் கவனம். வாடி முடிந்த பூவும் புது மொட்டும் தூரத்தில் ஒரே மாதிரி தெரியும். மொட்டு உருண்டையாக இருக்கும், முடிந்த பூ கூராக இருக்கும். இது தெரியாமல் ஒரு வாரத்து மொட்டுகளை மொத்தமாக வெட்டிப் போட்டவன் நான்.

நித்யகல்யாணி, செம்பருத்தி, டேபிள் ரோஸ் இவையெல்லாம் தாமே உதிர்த்துக்கொண்டு பூத்துக்கொண்டே இருக்கும், விட்டுவிடலாம். அடுத்த முறைக்கு விதை வேண்டுமென்றால் மட்டும், பருவக் கடைசியில் நல்ல பூ நாலைந்தைச் செடியிலேயே காய விடுங்கள்.