நாக்கு ஓரத்துப் புண்ணுக்கு இரண்டு வாரக் கெடு

கேள்வி: வயது 43. வேலை விஷயமாக வெளியூரில் இருக்கிறேன். வீடு திரும்ப இன்னும் 5 வாரம் ஆகும். 8 நாளாக நாக்கின் இடது ஓரத்தில் ஒரு புண், சாப்பிடும்போது எரிகிறது. கண்ணாடியில் பார்த்தால் நாக்கின் பின்பகுதியில் வரிசையாகக் கட்டிகள், கன்னத்தின் உள்ளே வெள்ளைக் கோடு, நாக்கில் வெள்ளைப் படிவு. நானே வாங்கி 3 நாள் ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன், ஒரு ஜெல்லும் தடவுகிறேன். புகையிலைப் பழக்கம் இல்லை. இணையத்தில் படித்ததிலிருந்து தூக்கமே இல்லை. பயணத்தை ரத்து செய்துவிடட்டுமா?

பதில்: புற்றுநோய் என்ற சொல்லை நீங்கள் எழுதவில்லை. ஆனால் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான் என்று தெரிகிறது. 8 நாள் ஆன, எரிகிற ஒரு புண்ணுக்காகப் பயணத்தை ரத்து செய்ய வேண்டியதில்லை. அதற்காக மறந்துவிடவும் கூடாது. அதற்கு ஒரு கெடு உண்டு: இரண்டு வாரம்.

சாதாரண வாய்ப்புண் 7 முதல் 14 நாளில் ஆறிவிடும். பல் குத்தியோ சூடு பட்டோ வந்ததென்றால், காரணம் விலகியதுமே மூட ஆரம்பிக்கும். மூடாமல் ஒரே இடத்தில் நிற்கிற புண்தான் எனக்குக் கவலை. நாக்கின் ஓரம் வாய்ப்புற்று அதிகம் தோன்றும் இடங்களில் ஒன்று. புகையிலையைத் தொடாதவர்களுக்கும் வருவதுண்டு. அதனால்தான் 'ஒன்றுமில்லை, போங்கள்' என்று சொல்லாமல் கெடு வைக்கிறேன்.

இப்போது ஒன்று செய்யுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, நாக்கின் நுனியைச் சுத்தமான துணியால் பிடித்து வலப்பக்கம் இழுங்கள். இன்னொரு கை விரலால் புண்ணின் விளிம்பைத் தடவிப் பாருங்கள். சுற்றியுள்ள சதையைப் போலவே மெத்தென்று இருந்தால் நல்லது. உள்ளே சட்டைப் பொத்தான் புதைந்திருப்பது போலக் கெட்டியாகத் தட்டுப்பட்டால் கெடுவெல்லாம் வேண்டாம், இந்த வாரமே ஒரு பல் மருத்துவரைப் பாருங்கள். வலியை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். ஆரம்பகட்டப் புற்றுப்புண் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலி போய்விட்டது, ஆனால் புண் அப்படியே இருக்கிறது என்றால் அது ஆறிய கணக்கில் வராது.

அப்படியே புண்ணுக்கு நேர் எதிரே உள்ள பல்லையும் தொட்டுப் பாருங்கள். உடைந்து கூராக இருக்கிறதா? இருந்தால் அதைத் தேய்த்துச் சரிசெய்வது பல் மருத்துவருக்குச் சின்ன வேலை. அதன் பிறகும் இரண்டு வாரத்தில் ஆறவில்லையென்றால் திசுப் பரிசோதனை, அதாவது புண்ணிலிருந்து துளி சதை எடுத்துச் சோதிப்பது, செய்தே ஆக வேண்டும். தாமதமாக வருபவர்கள் பலர் என்னிடம் சொல்வது இதுதான்: "வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன், டாக்டர்." நீங்கள் அந்தத் தவறைச் செய்யாதீர்கள். இருக்கும் ஊரிலேயே பாருங்கள்.

மற்றவை எதுவும் நோயல்ல. நாக்கின் பின்பகுதியில் நீங்கள் பார்த்தது சுவை மொட்டுகள் உள்ள மேடுகள். எல்லோருக்கும் உண்டு, பெரும்பாலும் 8 முதல் 12 வரை இருக்கும். இத்தனை நாள் நீங்கள் எட்டிப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். கன்னத்துக் கோடு, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரும் இடத்தின் தடம். வெள்ளைப் படிவு, பெரும்பாலும் தண்ணீர் குறைவாகக் குடிப்பதாலும் வாயால் மூச்சு விட்டுத் தூங்குவதாலும் வருவது. துடைத்தால் போகும்.

இனி, நீங்களாகவே செய்த வைத்தியம். இந்த மாதிரிப் புண்ணுக்கும் ஆன்டிபயாடிக்குக்கும் சம்பந்தமே இல்லை. அது நல்ல கிருமிகளை அழித்து வாயில் பூஞ்சையை வளர விடும், நிறுத்திவிடுங்கள். ஜெல் டியூபில் என்ன எழுதியிருக்கிறது என்றாவது படித்தீர்களா? ஸ்டீராய்டு கலந்ததாக இருந்தால், வைரஸாலோ பூஞ்சையாலோ வந்த புண்ணை மோசமாக்கும். மரத்துப்போக வைக்கும் ஜெல் என்றால் வலியை மறைக்குமே தவிர, ஆற்றாது. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டு தினமும் மூன்று நான்கு முறை கொப்பளியுங்கள், போதும்.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் நாள் கணக்குப் பார்க்கக் கூடாது. நாக்குக்கு அடியிலோ தாடைக்குக் கீழோ வீங்கி, எச்சிலை விழுங்க முடியாமலோ மூச்சு விடச் சிரமமாகவோ இருந்தால், நடு இரவானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

உங்கள் கணக்கில் இன்னும் 6 நாள் இருக்கிறது. புண் தொடங்கிய தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று நாளைக்கு ஒருமுறை, ஒரே வெளிச்சத்தில், செல்போனில் ஒரு படம் எடுங்கள். நடுவில் கண்ணாடி பக்கமே போக வேண்டாம், இணையத்தில் தேடவும் வேண்டாம். 14 நாள் தாண்டியும் புண் இருந்தால் அந்தத் தேதியையும் படங்களையும் மருத்துவரிடம் காட்டுங்கள், சாப்பிட்ட மாத்திரையையும் ஜெல்லையும் சொல்லுங்கள். அவர் இன்னொரு ஜெல் எழுதிக் கொடுத்து அனுப்பப் பார்த்தால், "திசுப் பரிசோதனை வேண்டாமா, டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள்.