ஸ்கேன் செய்தால் யார் பெயர் வருகிறது?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் எட்டு மாதங்களாக ஓர் அறக்கட்டளை நடத்துகிறோம். தோட்ட வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் 30 பேருக்கு மாலையில் பாடமும் சுண்டலும். சுண்டலுக்கு மட்டும் தலைக்கு 15 ரூபாய் ஆகிறது. பொள்ளாச்சியிலும் கோவையிலும் நன்கொடை கேட்டால் ‘பார்க்கலாம்’ என்கிறார்கள். பிள்ளைகளின் கஷ்டத்தை வீடியோவாக எடுத்துப் போடலாமா?

பதில்: வேண்டாம். வீடியோவில் அழும் சிறுமி மறுநாள் அதே ஊரில் பள்ளிக்கூடம் போகவேண்டியவள். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை ஊடகங்களில் வெளியிடுவதை 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமும் தடுக்கிறது. அவள் நோட்டில் போட்ட வகுத்தல் கணக்கைப் படமெடுங்கள், முகம் வேண்டாம்.

‘பார்க்கலாம்’ என்றவர்கள் கஞ்சர்கள் அல்லர். க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்ததும் திரையில் பொருளாளரின் பெயர் வந்தால், நானும் போனைப் பையில் போட்டுக்கொள்வேன். அறக்கட்டளை பெயரிலேயே பான் எண், வங்கிக் கணக்கு, இருவர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்ற ஏற்பாடு. இவை முடியும்வரை யாரிடமும் கேட்காதீர்கள். இருபது ரூபாய் கொடுத்தவருக்கும் வரிசை எண் போட்ட ரசீது கிழித்துக் கொடுங்கள், கார்பன் நகல் புத்தகத்தில் இருக்கட்டும். மாதம் முடிந்ததும் வரவு செலவை ஒரே தாளில், தமிழிலும் மலையாளத்திலும் எழுதி வாசலில் ஒட்டுங்கள். கடலை விலை ஏறிக் கையைக் கடித்த மாதமென்றால் அதையும் எழுதுங்கள். பற்றாக்குறையை மறைக்காத கணக்கைத்தான் ஊர் நம்பும்.

அடுத்து, கேட்கும் விதம். ‘ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள்’ என்றால் எவ்வளவு கொடுப்பது என்று யாருக்கும் பிடிபடாது. உங்கள் கணக்கிலேயே விடை இருக்கிறது: 30 பேருக்கு ஒரு மாலைச் சுண்டல் 450 ரூபாய். அப்பாவின் திதிக்கு அன்னதானம் செய்கிறவர்களும் பிள்ளையின் பிறந்தநாளுக்குக் கோயிலில் பொங்கல் வைக்கிறவர்களும் நம் பக்கம் ஏராளம். ஒரு நாள்காட்டியைக் காட்டி, ‘எந்த நாள் வேண்டும்?’ என்று கேளுங்கள். சம்மதித்தால் அன்று கரும்பலகையில் அவர் பெயர். அப்படி ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனால், மறுவருடம் அவரே அழைப்பார்.

நன்கொடை கொடுப்பவருக்குக் கிடைக்கும் வருமான வரிச் சலுகையை, அதாவது எல்லோரும் 80ஜி என்று சொல்வதை, பெரிதாக நம்பாதீர்கள். பதிவு செய்துகொள்வது நல்லதுதான். ஆனால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிக்கழிவு கிடையாது, புதிய வரிமுறையைத் தேர்ந்தவருக்கும் கிடையாது.

வளைகுடாவிலிருந்து உறவினர் பணம் அனுப்புவதாகச் சொன்னால் முதலில் பாஸ்போர்ட்டைக் கேளுங்கள். இந்தியக் குடியுரிமை உள்ளவர் தம் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பலாம். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவரென்றால், சொந்தச் சித்தப்பாவாகவே இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை. 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி மத்திய அரசின் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் தொடக்கூடாது.

பெயர் பரவியதும், ‘கட்டடம் தருகிறேன், பிள்ளைகளைத் தங்கவைத்து இல்லமாக நடத்துங்கள்’ என்று ஒருவர் வருவார். உடனே தலையாட்டிவிடாதீர்கள். பதிவு பெறாமல் குழந்தைகள் இல்லம் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். பிள்ளைகள் விளக்கு வைக்கும் நேரத்துக்கு அவரவர் வீடு போய்ச் சேரட்டும்.