கையால் செய்த கண்ணாடி பிரேமுக்கு 50,000 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: 1950களின் 'மிட் செஞ்சுரி மாடர்ன்' கலைப் பாணியில் கையால் செய்தவை என்று சொல்லி, சில மூக்குக்கண்ணாடி பிரேம்களை 50,000 ரூபாய்க்கும் மேல் விற்கிறார்கள். அந்த விலைக்கு அவற்றில் அப்படி என்ன இருக்கிறது?

பத்து வயதிலிருந்து கண்ணாடி அணிகிறேன். இரு கண்களிலும் மைனஸ் ஏழு. குளிக்கவும் தூங்கவும் மட்டுமே அதைக் கழற்றுபவன் என்ற தகுதியில் இந்தப் பதிலை எழுதுகிறேன். விலையைப் பார்ப்பதற்கு முன் ரிவிட்டைப் பாருங்கள் என்பதே நான் சொல்லக்கூடியது.

பிரேமின் முன்பக்கத்தில், காதில் மாட்டும் கைகள் வந்து இணையும் இரு மூலைகளிலும் சிறிய உலோகப் புள்ளிகள் இரண்டோ மூன்றோ இருக்கும். பழைய முறையில் அவை அலங்காரப் புள்ளிகள் அல்ல. உட்புறக் கீலைப் பிடித்துக்கொள்வதற்காகப் பிரேமைத் துளைத்துச் செலுத்தி, அடித்து இறுக்கிய ரிவிட் ஆணிகளின் தலைகள். இன்றோ பெரும்பாலான பிரேம்களில் கீலைச் சூடேற்றிப் பின்பக்கத்தில் அழுத்திப் பதித்துவிடுகிறார்கள். அந்த முறையில் குறையொன்றும் இல்லை. நன்றாகச் செய்தால் பல ஆண்டுகள் நிற்கும். ஆனால் அதன் பிறகு, எதையுமே பிடித்துக்கொண்டிராத இரண்டு புள்ளிகளை முன்னால் ஒட்டிவைக்கிறார்களே, அங்கேதான் எனக்கு மனத்தாங்கல்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் 11,000 ரூபாய் கொடுத்து அப்படிப்பட்ட 'ரெட்ரோ' பிரேம் ஒன்றை வாங்கினேன். எட்டாம் மாதம் துடைத்துக்கொண்டிருக்கும்போது இடப்பக்கப் புள்ளி ஒன்று துணியோடு வந்துவிட்டது. கீல் அறுந்தது என்று பதறிப் பார்த்தால், கை சிறிதும் ஆடவில்லை. புள்ளி இருந்த இடத்தில் நகக்கண் ஆழத்துக்கு ஒரு பள்ளமும், உலர்ந்த பசையும் மட்டுமே இருந்தன. கடைக்காரர், "அது டிசைன் சார், ஒட்டித் தரேன்" என்றார். பேச்சுவழக்கில் 'ரிவிட் அடிப்பது' என்று எதைச் சொல்வோமோ, அது எனக்குத்தான் நடந்திருந்தது.

வேறு பாணியின் பெயரில் இதைச் செய்திருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். இந்தப் பாணிக்கு உரியவராகச் சொல்லப்படும் கலைஞர்களுள் ஒருவரான அலெக்சாண்டர் கால்டர், 1919-இல் இயந்திரப் பொறியியல் பட்டம் பெற்றுவிட்டுச் சிற்பத்துக்கு வந்தவர். காற்றில் அசையும் 'மொபைல்' சிற்பங்களுக்குப் பெயர்பெற்ற அவர், ஏறத்தாழ 1,800 நகைகளையும் செய்திருக்கிறார். நம் பொற்கொல்லர்கள் பொடி வைத்து ஊதுவார்களே, அந்தப் பற்றவைப்பைப் பெரும்பாலும் தவிர்த்து, கம்பியை முறுக்கியும் சுருட்டியும் ரிவிட் அடித்துமே அவர் உறுப்புகளை இணைத்தார். எது எதைப் பிடித்து நிறுத்துகிறது என்பது பார்ப்பவருக்குத் தெரியும். அந்த நகைகளின் அழகில் பாதி அதுதான். சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1940களில் வடிவமைத்த ஒட்டுப்பலகை நாற்காலிகளிலும் முதுகுப் பலகையும் இருக்கைப் பலகையும் ஒன்றில் ஒன்று கலக்காமல் தனித்தனியே நிற்கும். அப்படிப்பட்ட மரபின் பெயரைச் சொல்லிப் பொய் ரிவிட்டை விற்பது எப்படிப் பொருந்தும்?

கண்ணாடிக்கும் கலைக்கும் உள்ள நேரடி உறவைத் தேடினால், நியூயார்க்கின் ஆல்டினா ஷினாசியிடம் போய் நிற்போம். ஓவியர் ஜார்ஜ் கிராஸிடம் பயின்றவர். 1930களில் ஃபிஃப்த் அவென்யூக் கடைகளின் காட்சிச் சன்னல்களை அலங்கரித்துவந்தவர். ஒரு கண்ணாடிக் கடையின் சன்னலில் களையே இல்லாமல் கிடந்த பிரேம்களைக் கண்டு சலித்த அவர், வெனிஸ் திருவிழாவின் ஹார்லெக்வின் முகமூடியை மனத்தில் கொண்டு, ஓரங்கள் மேல்நோக்கி ஏறும் ஒரு வடிவத்தைக் காகிதத்தில் வெட்டினார். பெரிய தயாரிப்பாளர்கள் அதை ஏற்க மறுத்தார்கள். மேடிசன் அவென்யூவில் ஒரு கடைக்காரர், ஆறு மாதங்களுக்குத் தமக்கு மட்டுமே தர வேண்டும் என்ற நிபந்தனையோடு எடுத்துக்கொண்டார். 1939-இல் லார்ட் அண்ட் டெய்லர் அங்காடியின் வடிவமைப்பு விருது அவருக்குக் கிடைத்தது. 1950களில் 'கேட் ஐ' என்று பரவியது அந்த வடிவமே. காகிதத்தில் வெட்டக்கூடிய ஒன்றை யாரும் நகலெடுக்கலாம் என்பதால், இன்று நடைபாதைக் கடையிலும் அதே வளைவு கிடைக்கிறது. ஆகவே வடிவத்துக்காக நீங்கள் 50,000 ரூபாய் கொடுக்க வேண்டியதில்லை.

கொடுப்பதாக இருந்தால் பொருளுக்கும் நேரத்துக்கும் கொடுக்கலாம். பருத்திக் கொட்டையில் ஒட்டியிருக்கும் குறும்பஞ்சிலிருந்தும் மரக்கூழிலிருந்தும் கிடைக்கும் செல்லுலோஸைக் கொண்டு செய்யும் பிரேம் பிளாஸ்டிக்தான் அசிடேட். பல நிறத் துண்டுகளை அடுக்கி, அழுத்திக் கட்டியாக்கி, பிறகு தகடுகளாகச் சீவுவதால் நிறம் உள்ளும் புறமும் ஓடும். இத்தாலியின் மட்சுக்கெல்லி நிறுவனம் 1849-இல் சீப்பும் பொத்தானும் செய்யத் தொடங்கி, பின்னாளில் இந்தத் தகடுகளுக்குப் பெயர்பெற்றது. தகட்டிலிருந்து வெட்டியெடுத்த பிரேமை மரச்சில்லுகளோடு பீப்பாயிலிட்டு நாள்கணக்கில் உருட்டி, அதன்பின் துணிச் சக்கரத்தில் பிடித்துக் கையால் மெருகேற்றுவார்கள். ஜப்பானின் சபாயே நகர வட்டாரத்தில் 1905-இல் தொடங்கிய கண்ணாடி பிரேம் தொழிலில், ஒரு பட்டறை கீலை மட்டும் செய்யும், இன்னொன்று மெருகை மட்டும் பார்க்கும். அச்சில் வார்த்துச் சாயம் பூசிய பிரேமில் கீறல் விழுந்தால் கீழே வேறு நிறம் தெரியும். அசிடேட்டிலோ மறுபடி மெருகேற்றினால் கீறல் மறைந்துவிடும்.

கடையில் பிரேமை விளக்கொளிக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நிறம் சற்றே ஊடுருவித் தெரியும் பிரேமாக இருந்தால், கைக்குள் ஓடும் உலோகக் கம்பி நேராக இருக்கிறதா என்பதும், முன்பக்கப் புள்ளியின் தண்டு உட்புறக் கீல் வரை போகிறதா என்பதும் புலப்படும். என்னைப் போல் மைனஸ் கூடுதலாக உள்ளவர்கள் அகலமான 'கேட் ஐ' பக்கம் போகாமல், லென்ஸ் சிறிதாக உள்ள தடித்த பிரேமை எடுப்பது நல்லது. லென்ஸின் விளிம்புத் தடிமனும் குறையும், மிஞ்சியதைப் பிரேம் மறைத்துக்கொள்ளும். இவ்வளவும் சரியாக அமைந்த பிரேம்கள் 50,000 ரூபாய்க்குக் கீழேயும் உண்டு. அதற்கு மேலான தொகை, 'சில நூறு மட்டுமே செய்தோம்' என்ற அறிவிப்புக்குப் போகிறது என்பது என் கணிப்பு.

நான் இன்னும் அந்தப் பழைய பிரேமைத்தான் அணிந்திருக்கிறேன். விழுந்த புள்ளியை ஒட்டித்தர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வலப்பக்கம் இரண்டு புள்ளி, இடப்பக்கம் ஒரு புள்ளி, ஒரு பள்ளம்; கீல் மட்டும் உறுதியாகவே இருக்கிறது.