எண்டோமெட்ரியோசிஸ் ஆபரேஷனுக்குப் பிறகும் ஹார்மோன் மாத்திரை வேண்டுமா?

எண்டோமெட்ரியோசிஸால் (கருப்பையின் உள்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) சினைப்பையில் வந்த சாக்லேட் கட்டியை, அதாவது பழைய ரத்தம் தேங்கிய கட்டியை, எடுத்து மூன்று வாரம்தான் ஆகிறது, குழந்தை இப்போதைக்கு வேண்டாம், ஆனால் டயனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரையைத் தொடங்கப் பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதே பயத்தில் நானாக மாத்திரையை நிறுத்தியவள் நான்.

எனக்கு இடது சினைப்பையில் 5 செ.மீ. கட்டி. லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழியே செய்யும் ஆபரேஷன்) முடிந்ததும் தினமும் 2 மி.கி. டயனோஜெஸ்ட் எழுதித் தந்தார்கள். முதல் இரண்டு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் பட்டுக்கொண்டே இருந்தது, தலைவலி வேறு. "கட்டியத்தான் எடுத்தாச்சே, இன்னும் எதுக்கும்மா மாத்திரை?" என்றார் அத்தை. எனக்கும் அது நியாயமாகப் பட்டது. ஒன்றரை வருடத்தில் பழைய வலி திரும்பியது. ஸ்கேனில் அதே பக்கம் 2 செ.மீ. கட்டி.

ஆபரேஷனில் கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் எடுக்க முடியும். மிஞ்சியிருக்கும் நுண்ணிய திசுவுக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன்தான் தீனி. டயனோஜெஸ்ட் கருமுட்டை வெளிவருவதை அடக்கி, ஈஸ்ட்ரோஜனைக் குறைத்து, அந்தத் திசுவைச் சுருங்க வைக்கிறது. அறுவைக்குப் பின் 5 வருடத்துக்குள் ஏறத்தாழ பாதிப் பேருக்கு நோய் திரும்புகிறது என்று ஆய்வுகள் சொல்வதை நான் பிறகுதான் படித்தேன்.

இரண்டாம் முறை மாத்திரையைத் தொடங்கியபோது பொறுத்துக்கொண்டேன். நாலாம் மாதம் ரத்தம் படுவது நின்றது, மாதவிடாயும் நின்றது. கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிவிடுமோ என்று அம்மா பதறினார். கருப்பையின் உள்படலம் தடிக்காததால் வெளியேற எதுவுமே இல்லை என்று டாக்டர் விளக்கியதும்தான் சமாதானமானார். எனக்கு முடி கொஞ்சம் கொட்டியது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த மாத்திரைதான் என்றில்லை. காப்பர்-டி போலக் கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் இருக்கிறது, சாதாரணக் கருத்தடை மாத்திரையும் இருக்கிறது. மாதவிடாய் வலி திரும்பாமலிருக்க இவ்விரண்டில் ஒன்றைக் குறைந்தது 18 முதல் 24 மாதம் தொடரலாம் என்கிறது 2022-இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டி. ஈஸ்ட்ரோஜனைக் குறைக்க மாதாமாதம் போடும் லூப்ரோலைடு ஊசியும் உண்டு, ஆனால் அதில் உடம்பு திகுதிகுவென எரியும், எலும்பும் பலம் குறையும். அதனால் பெரும்பாலும் 6 மாதத்தோடு நிறுத்துவார்கள்.

அப்புறம், டயனோஜெஸ்ட் 2 மி.கி.யைக் கருத்தடையாக நம்ப வேண்டாம், ஆணுறை தேவை. முன்பு மனச்சோர்வு இருந்திருந்தால் தொடங்கும் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். சீக்கிரமே குழந்தைக்கு முயலும் எண்ணம் வந்தால் அதையும் உடனே சொல்லுங்கள். இந்த மாத்திரை கருத்தரிக்கும் வாய்ப்பைக் கூட்டாது, சாப்பிடும் மாதங்கள் வீணாகத்தான் போகும்.