அப்பாவுக்குச் சமையல் வகுப்பைப் பரிசாகக் கொடுக்கலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. பணி ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறார். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். காபி போடுவதையும் முட்டை அவிப்பதையும் தவிர அவருக்குச் சமையலில் பழக்கம் இல்லை. அம்மாவுக்கு இன்னும் நான்கு மாதத்தில் முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்யவிருக்கிறோம். அண்மைக் காலமாக அப்பாவே அம்மாவிடம், "எனக்கும் ரசம் வைக்கச் சொல்லிக்கொடேன்" என்று கேட்கிறார். அடுத்த மாதம் வரும் அவருடைய பிறந்தநாளுக்கு ஒரு சமையல் வகுப்பைப் பரிசாகக் கொடுக்க நினைக்கிறேன். எப்படிப்பட்ட வகுப்பைத் தேர்ந்தெடுப்பது? அவருக்குச் சொல்லாமலே பணம் கட்டிவிடலாமா? (கோவையிலிருந்து ஒரு வாசகி)

பதில்: இந்தப் பரிசைப் பற்றி விசாரிப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, கற்றுக்கொள்ளும் ஆசை யாருடையது என்பதைத்தான். புதிதாக வந்த மருமகளுக்கு மாமியார் வீட்டார் சமையல் வகுப்புக்குப் பணம் கட்டினால், எத்தனை அன்போடு செய்தாலும், குறை சொல்வதாகவே அந்தப் பெண்ணுக்குப் படும். சமையலறைப் பக்கமே எட்டிப் பார்க்காத ஒருவருக்குக் கொடுத்தால், வேலையைத் தலையில் கட்டியதாகிவிடும். உங்கள் வீட்டில் அந்தச் சங்கடம் இல்லை, ஏனென்றால் அப்பாவே வாய்விட்டுக் கேட்டுவிட்டார். ஆகவே தயங்காமல் கொடுங்கள். வகுப்பு என்ற செய்தி வேண்டுமானால் பிறந்தநாள் அன்று எதிர்பாராததாக இருக்கட்டும், ஆனால் எந்த நாள், எந்த நேரம், எதையெல்லாம் கற்பது என்பவற்றை அவரே தீர்மானிக்க விட்டுவிடுங்கள். பிறந்தநாள் அன்றே வகுப்பை வைப்பது வேண்டாம். வீட்டில் எல்லோரும் கூடியிருக்கும் நாளில் அவரை மட்டும் வெளியே அனுப்புவதுபோல் ஆகிவிடும்.

அடுத்ததாக, வகுப்பின் தன்மையைப் பாருங்கள். இதில்தான் பெரும்பாலோர் பணத்தை வீணாக்குகிறார்கள். பல வகுப்புகளில் ஆசிரியர் முன்னால் நின்று செய்து காட்டுவார், எதிரே நாற்காலிகளில் இருப்பவர்கள் குறிப்பெடுத்துக்கொள்வார்கள், முடிவில் ஆளுக்கு ஒரு வாய் ருசி பார்த்துவிட்டு அச்சடித்த தாளோடு வீடு திரும்புவார்கள். ஏற்கெனவே சமைக்கத் தெரிந்தவர்களுக்கு அது போதும், ஏனென்றால் அவர்களுக்குத் தேவை புதிய பக்குவம் ஒன்றே, கைப்பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. உங்கள் அப்பாவைப் போன்றவர்களுக்கோ, தம் கையாலேயே செய்து பழகும் வகுப்பு மட்டுமே பயன்படும்.

ஏன் என்பதற்குத் தாளிப்பு ஒன்றே போதுமான சான்று. ஒரு கடுகைப் போட்டுப் பார்த்து எண்ணெய் காய்ந்ததை அறிவது, கடுகு படபடவென்று வெடித்து ஓயும் நேரத்தில் உளுத்தம்பருப்பைச் சேர்ப்பது, அது லேசாகச் சிவக்கத் தொடங்கியதுமே மிளகாயையும் பெருங்காயத்தையும் கறிவேப்பிலையையும் போட்டு அடுப்பை அணைப்பது ஆகிய எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் நடந்து முடிந்துவிடும். முழுவதும் சிவக்கட்டும் என்று காத்திருந்தால், அணைத்த பிறகும் கரண்டியில் மிஞ்சியிருக்கும் சூட்டிலேயே பருப்பு கருகிவிடும். ரசமும் அப்படித்தான். புளித்தண்ணீர் பச்சை வாசனை போகும்வரை கொதிக்க வேண்டும், ஆனால் பருப்புத் தண்ணீர் ஊற்றிய பின் நுரை கட்டி மேலே எழும்பியதுமே இறக்கிவிட வேண்டும், தளதளவென்று கொதிக்கவிட்டால் மணம் போய்விடும். இந்தப் பக்குவத்தை எந்தத் தாளிலும் எழுதிக் கொடுக்க முடியாது. காதாலும் மூக்காலும் அறிந்து, ஒன்றிரண்டு முறை கருக்கிப் பார்த்துத்தான் கை பழகும்.

ஆகையால், வகுப்பு நடத்துபவரைத் தொலைபேசியில் அழைத்து, எத்தனை அடுப்புகள் இருக்கின்றன, ஓர் அடுப்புக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். இருவருக்கு ஓர் அடுப்பு என்றால் நல்லது. அதற்கு மேல் போனால், தயங்கும் குணமுள்ளவர் பின்னால் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு வந்துவிடுவார். காய்களை யார் நறுக்குவார்கள் என்பதையும் கேளுங்கள். எல்லாவற்றையும் நறுக்கி, அளந்து, கிண்ணங்களில் எடுத்து வைத்துவிடும் வகுப்பு பார்வைக்கு நேர்த்தியாக இருக்கும், ஆனால் வீட்டில் அப்படி எடுத்து வைக்க யாரும் இருக்கமாட்டார்கள். காரணம் சொல்லிக் கற்பிக்கிறாரா என்பது இன்னொரு நல்ல அளவுகோல். சாம்பாருக்குப் பருப்பும் காயும் வெந்த பிறகே புளி சேர்க்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள், புளிப்பு அவற்றைக் குழையவிடாமல் தடுக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்பவரிடம் கற்றால், நாளை தக்காளியை எப்போது போடுவது என்ற சந்தேகத்துக்கும் அப்பாவே விடை கண்டுகொள்வார்.

என்ன கற்பது என்பதில், விளம்பரங்களில் கவர்ச்சியாகத் தெரியும் இத்தாலிய, சீன உணவு வகைகளைத் தவிர்த்துவிடுங்கள். உங்கள் வீட்டில் வாரம்தோறும் என்ன சமைக்கப்படுகிறதோ அதுதான் பாடத்திட்டம்: சாதம், ரசம், சாம்பார், ஒரு பொரியல், ஒரு காரக்குழம்பு, உப்புமா, கஞ்சி. இட்லியும் வேண்டும் என்றால் ஒரே நாள் வகுப்பில் அது முடியாது. நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்று ஊறவைத்து அரைத்த மாவு புளித்துப் பொங்க எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும், கோவையின் மார்கழிக் குளிரில் இன்னும் கூடுதலாகவும் ஆகலாம். ஒருநாள் வகுப்புகளில் முன்பே புளித்த மாவைத்தான் ஊற்றிக் காட்டுவார்கள், உளுந்து எந்தப் பதத்துக்கு அரைபட வேண்டும் என்பதும், மாவு பொங்கி நிற்கும்போது எப்படி இருக்கும் என்பதும் தெரியாமலே போய்விடும். அடுத்தடுத்த இரண்டு நாட்கள் வரச் சொல்லும் வகுப்பு கிடைத்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கோவையில் இருப்பதால் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கட்டணப் பயிற்சிகளும் உங்கள் கண்ணில் பட்டிருக்கும். அடுமனைப் பொருட்கள், சிறுதானிய உணவுகள் போன்றவற்றில் அங்கே நடக்கும் குறுகிய காலப் பயிற்சிகள், பொருள் தயாரித்து விற்கத் தொழில் தொடங்குவோரை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டவை. அத்தகைய எண்ணம் உள்ள ஒருவருக்கு அவை அருமையான பரிசு, வீட்டுச் சமையல் கற்க வரும் உங்கள் அப்பாவுக்கு அவை பொருந்தா.

முதன்முதலாக அடுப்பின் முன் நிற்பவருக்குப் பாதுகாப்பும் பாடத்தில் இருந்தாக வேண்டும். குக்கரை மூன்றில் இரண்டு பங்குக்கு மேலும், பொங்கி நுரைக்கும் பருப்பு வகையானால் பாதிக்கு மேலும் நிரப்பக்கூடாது. மூடுமுன் ஆவி வெளியேறும் துளையில் அடைப்பு உள்ளதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும், ஆவி தானாக அடங்கும்வரை மூடியைத் திறக்க முயலக்கூடாது. வேலை முடிந்ததும் சிலிண்டரின் ரெகுலேட்டரையும் அணைக்க வேண்டும். இவற்றைக் கற்றுத்தருவீர்களா என்று கேட்கும்போது சலித்துக்கொள்ளும் ஆசிரியரை விட்டுவிடுங்கள்.

அப்பா சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர் என்பதால், சாப்பாட்டு வேளையைத் தள்ளிப்போடாத வகுப்பாகப் பார்க்க வேண்டும். காலைச் சிற்றுண்டியை முடித்துவிட்டுப் போய், தாம் சமைத்ததையே உரிய நேரத்தில் மதிய உணவாகச் சாப்பிட முடிந்தால் நல்லது. நடுவில் உட்கார நாற்காலி உண்டா என்றும் கேளுங்கள். வீட்டில் சைவம் மட்டும்தான் என்றால், பாத்திரங்கள் பொதுவானவையா என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

கட்டணத்தில், மளிகையும் காயும் அடக்கமா, தேதியை மாற்றிக்கொள்ளலாமா, எத்தனை மாதத்துக்குள் வர வேண்டும், வர இயலாவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பவற்றை ரசீதிலோ வாட்ஸ்அப் செய்தியிலோ எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். பத்து வகுப்புகளுக்குச் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். முதலில் ஒன்றுக்கு மட்டும் கட்டுங்கள், அப்பா விரும்பினால் தொடரலாம்.

என் சொந்த விருப்பத்தைக் கேட்டால், வீட்டுக்கே வந்து சொல்லித்தரும் ஒருவரைத் தேடச் சொல்வேன். வகுப்புகளில் இருக்கும் பெரிய அடுப்பின் தீயும் கனத்த பாத்திரங்களும் வீட்டில் இருப்பதில்லை, அங்கே ஐந்து நிமிடத்தில் வதங்கிய வெங்காயம் இங்கே பத்து நிமிடம் எடுத்தால் புதியவர் குழம்பிப்போவார். வீட்டில் கற்றால் எந்த டப்பாவில் எது இருக்கிறது, எந்த டம்ளர் அம்மாவின் அளவு என்பதும் சேர்ந்தே பழகும். அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து அந்த அளவுகளைச் சொல்லச் சொல்லி, அப்பாவின் கையாலேயே ஒரு நோட்டில் எழுதவைக்கலாம். பரிசு உறையோடு அந்த நோட்டையும் ஒரு நல்ல தாளிப்புக் கரண்டியையும் சேர்த்துக் கொடுங்கள்.

வகுப்பு முடிந்த மூன்று நாட்களுக்குள் அவர் அதே சமையலைத் தனியாக ஒருமுறை செய்தாக வேண்டும், இல்லையென்றால் கற்றது நிற்காது. வாரத்தில் ஒரு நாளை அவருடைய சமையல் நாளாக ஒதுக்குங்கள். தேவையான சாமான்களை முந்தின நாளே அவரையே வாங்கச் சொல்லுங்கள். அவர் சமைக்கும்போது வாசலில் நின்று, "உப்பு போட்டீங்களா, தீயைக் குறைங்க" என்று யாரும் குரல் கொடுக்க வேண்டாம் என்பதை அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லிவையுங்கள். பல ஆண்டுகள் அந்த அடுப்பை ஆண்டவருக்கு அது எளிதல்ல. உங்களுக்கு நான்கு மாதம் இருக்கிறது. முதல் வகுப்பைப் பிறந்தநாளை ஒட்டிய வாரத்திலேயே வைத்துவிட்டால், அறுவை சிகிச்சைக்கு முன் அவருக்குப் பத்துப் பன்னிரண்டு முறை தனியாகச் சமைத்துப் பழக நேரம் கிடைக்கும். மருத்துவமனையிலிருந்து அம்மா வீடு திரும்பும் வாரத்தில் புதிதாக எதையும் கற்றுக்கொள்ள அவரால் முடியாது.