வடிவமைப்புத் தொழிலுக்கு அரசு தரும் ஆதரவு: தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

இரு மாவட்டங்களின் சிறுதொழில் முனைவோர், கைவினைஞர்கள், பெற்றோர் ஆகியோரிடமிருந்து வந்த கேள்விகளில் ஒரே பொருளைப் பற்றியவற்றை ஒன்றாக்கி இங்கே பதில் எழுதியிருக்கிறேன். திட்டங்களின் தொகைகளும் நிபந்தனைகளும் அவ்வப்போது மாறக்கூடியவை என்பதால், விண்ணப்பிக்கும் முன் உங்கள் மாவட்டத் தொழில் மையத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

கேள்வி (ஓசூர், உதிரிபாகப் பட்டறை உரிமையாளர்): ஐயா, பெரிய நிறுவனங்கள் கொடுக்கும் வரைபடத்தின்படியே இதுவரை உதிரிபாகம் செய்து வந்தோம். இப்போது விவசாயிகளுக்கான கைத்தெளிப்பான் ஒன்றைச் சொந்தமாக உருவாக்க நினைக்கிறோம். இயந்திரம் வாங்க மானியம் கிடைக்கும் என்பது தெரியும். வடிவமைப்பாளருக்குக் கொடுக்க வேண்டிய கட்டணத்துக்கும் உதவி உண்டா?

பதில்: உண்டு. ஒன்றிய அரசின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் அமைச்சகம் 2022 மார்ச்சில் தொடங்கிய 'எம்.எஸ்.எம்.இ. இன்னொவேட்டிவ்' திட்டத்தில் வடிவமைப்புக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. குறு நிறுவனமாக இருந்தால் ஏற்கப்பட்ட திட்டச் செலவில் 75 சதவீதமும், சிறு, நடுத்தர நிறுவனமாக இருந்தால் 60 சதவீதமும், அதிகபட்சம் 40 லட்சம் ரூபாய் வரை உதவி பெறலாம். 2025 ஏப்ரல் 1 முதல் குறு நிறுவனத்துக்கான வரம்பு முதலீட்டில் 2.5 கோடியாகவும் விற்றுமுதலில் 10 கோடியாகவும் உயர்த்தப்பட்டுவிட்டதால், முன்பு சிறு நிறுவனமாகக் கணக்கிடப்பட்ட ஓசூர்ப் பட்டறைகள் சில இப்போது குறு நிறுவனப் பட்டியலுக்குள் வந்துவிடும். குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவான உத்யம் சான்றிதழில் நீங்கள் எந்த வகை என்று இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

இத்திட்டத்துக்கான விண்ணப்பங்கள் தொழில்நுட்பக் கல்வி நிறுவனங்கள் வழியாகப் பரிசீலிக்கப்படுகின்றன. அங்கே எடுபடுவது "நல்ல வடிவமைப்பு வேண்டும்" என்ற வேண்டுகோள் அன்று. இப்போது சந்தையில் இருக்கும் தெளிப்பானால் தோள்பட்டையில் வலி வருகிறதா, மூடி கசிகிறதா, பெண்கள் தூக்க முடியாத எடையா என்று குறையைத் தெளிவாக எழுதி, அதைத் தீர்ப்பதற்கு ஆகும் மாதங்களையும் மாதிரி செய்யும் செலவையும் பிரித்துக் காட்டினால்தான் மதிப்பீட்டுக் குழு கேட்கும். அந்த அறிக்கையை எழுதுவதற்கே வடிவமைப்பாளரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். இயந்திரப் பட்டியலைத் தணிக்கையாளரிடம் கொடுத்து வங்கிக்குத் திட்ட அறிக்கை தயாரிக்கும் வழக்கம் இங்கே உதவாது.

கேள்வி (கிருஷ்ணகிரி, ஓய்வுபெற்ற ஆசிரியர்): தேசிய வடிவமைப்புக் கொள்கை என்று ஒன்று வந்து பல ஆண்டுகள் ஆயிற்றே. அதனால் விளைந்தது என்ன? நம் மாவட்டத்துக்கு ஏதேனும் வந்ததா?

பதில்: இந்தக் கதை கொள்கைக்கு வெகு முன்பே தொடங்கியது. அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் இந்திய அரசின் அழைப்பின் பேரில் வந்து 1958இல் ஓர் அறிக்கை கொடுத்தனர். அதன் தொடர்ச்சியாக 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் உருவானது. தேசிய வடிவமைப்புக் கொள்கைக்கு 2007 பிப்ரவரியில் ஒப்புதல் கிடைத்தது. 2009இல் இந்திய வடிவமைப்புக் குழு அமைந்தது. நல்ல வடிவமைப்புக்கான தர முத்திரையும் பின்னர் வந்தது. ஆந்திரம், அரியானா, மத்தியப் பிரதேசம், அசாம் ஆகிய மாநிலங்களில் புதிய தேசிய வடிவமைப்பு நிறுவனங்கள் திறக்கப்பட்டன. தமிழ்நாட்டுக்கு அப்படி ஒன்று வரவில்லை.

ஆக, கொள்கை பயிற்சி பெற்றவர்களை உருவாக்கியது. அவர்களிடம் வேலை கேட்டு வருபவர்களை அந்த அளவுக்கு உருவாக்கவில்லை என்பது என் கருத்து. அரசே பெரிய வாங்குபவர் என்பதை நினைத்துப் பாருங்கள். பள்ளி மேசை, பேருந்து நிழற்குடை, மருத்துவமனைக் கட்டில் எல்லாம் ஒப்பந்தப்புள்ளி வழியாகவே வாங்கப்படுகின்றன; விவரக்குறிப்புக்குப் பொருந்துபவற்றில் விலை குறைவானது எதுவோ அதுவே தேர்வாகும். பிள்ளையின் முதுகுக்கு ஏற்ற மேசையை வடிவமைத்தவனின் உழைப்பு அந்த ஒப்பீட்டில் எந்தக் கட்டத்திலும் கணக்கில் வருவதில்லை. மானியத்தை இரட்டிப்பாக்குவதைவிட, விவரக்குறிப்பு எழுதும் கட்டத்தில் வடிவமைப்பாளர் ஒருவரை உட்கார வைப்பது அதிகப் பயன் தரும் என்று நான் நினைக்கிறேன்.

நம் மாவட்டத்துக்கு வந்தது என்ன என்று கேட்டால், கொள்கை என்ற பெயரில் வராத ஒன்றைத்தான் சுட்டிக்காட்டுவேன். 1984இல் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாடா குழுமமும் கூட்டாகத் தொடங்கிய கைக்கடிகார நிறுவனமே ஓசூரில் ஆலை அமைத்த டைட்டன். முகப்பின் அழகைச் சொல்லியே கடிகாரத்தை விற்ற அந்த நிறுவனத்தில் மாநில அரசின் கழகத்துக்கு இன்றும் ஏறத்தாழ 28 சதவீதப் பங்கு உண்டு. மானியம் கொடுத்து ஒதுங்கிவிடாமல் பங்குதாரராக உடன் நின்றது எவ்வளவு பயன் தந்தது என்பதற்கு இதைவிட அருகில் வேறு சான்று தேட வேண்டியதில்லை.

கேள்வி (பாலக்கோடு, இரும்பு நாற்காலி, ஊஞ்சல் செய்பவர்): புதிய மாடல் ஊஞ்சலின் படத்தைப் போன மாதம் இன்ஸ்டாகிராமில் போட்டோம். நிறைய பேர் கேட்கிறார்கள். இப்போது அந்த வடிவத்தை எங்கள் பெயரில் பதிவு செய்யலாமா?

பதில்: செய்ய இயலாது. 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி, விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் எங்கும் வெளியிடப்படாத புதிய வடிவத்தையே பதிவு செய்ய முடியும். நீங்களே வெளியிட்டிருந்தாலும் அது வெளியீடுதான். அடுத்த மாடலுக்காவது முதலில் விண்ணப்பம், பிறகு படம் என்ற வரிசையைக் கடைப்பிடியுங்கள். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் விண்ணப்பக் கட்டணம் 1,000 ரூபாய்தான். பதிவு கிடைத்தால் 10 ஆண்டுகளுக்கும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டுகளுக்கும் உரிமை இருக்கும். நான் முதல் பதிலில் சொன்ன திட்டத்தின் அறிவுசார் சொத்துரிமைப் பிரிவில், பதிவு கிடைத்த பின் 15,000 ரூபாய் வரை செலவைத் திரும்பப் பெறவும் வழி இருக்கிறது.

இன்னொன்று: கண்ணுக்குத் தெரியும் வடிவம், கோடு, அலங்காரம் ஆகியவற்றுக்கே இந்தச் சட்டம் காப்பளிக்கும். ஊஞ்சல் மடங்கும் பொறிமுறை புதியதென்றால் அதற்குக் காப்புரிமை என்ற வேறு வழி உண்டு.

கேள்வி (அரூர் வட்டம், சிட்டிலிங்கிப் பகுதி, பூவேலை செய்யும் பெண்கள் குழு): எங்கள் லம்பாடித் தையல் வேலைப்பாட்டை வெளியூர்க் கடைகள் இயந்திரத்தில் அச்சடித்து விற்கின்றன. இதைத் தடுக்க அரசு உதவி செய்யுமா?

பதில்: அம்மா, உங்கள் பாட்டிமார் தைத்த கோலங்களை யார் பெயரிலும் புதிய வடிவமைப்பாகப் பதிவு செய்ய முடியாது, அவை புதியவை அல்ல என்பதே காரணம். அதனால் கடைக்காரரும் அவற்றுக்குத் தனியுரிமை கேட்க முடியாது. மரபுக்கு உரிய வழி, ஒரு பொருள் குறிப்பிட்ட ஊருக்கோ பகுதிக்கோ உரியது என்று பதிவு செய்யும் புவிசார் குறியீடு. கர்நாடகத்தின் சந்தூர் லம்பானி பூவேலை இந்தக் குறியீட்டைப் பெற்றிருக்கிறது. நீலகிரியின் தோடர் பூவேலைக்கும் அது கிடைத்திருக்கிறது. விண்ணப்பத்தைத் தனிநபர் கொடுக்க முடியாது. கைவினைஞர்களின் சங்கமோ உற்பத்தியாளர் அமைப்போ கொடுக்க வேண்டும். சிட்டிலிங்கியில் லம்பாடிப் பெண்களின் பூவேலையை மீட்டெடுத்த போர்கை என்ற அமைப்பு ஏற்கெனவே செயல்பட்டு வருவதால், தனியாகப் புதுச் சங்கம் தொடங்குவதற்கு முன் அவர்களிடம் கலந்து பேசுங்கள். குறியீட்டுப் பதிவகம் சென்னை கிண்டியில்தான் இருக்கிறது. குறியீட்டுப் பதிவுச் செலவில் 2 லட்சம் ரூபாய் வரை திரும்பப் பெறவும் மேற்சொன்ன திட்டத்தில் இடமுண்டு.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சந்தூருக்குக் குறியீடு இருப்பதால், உங்கள் வேலைப்பாடு தையலிலும் நிறத்திலும் கண்ணாடி பதிக்கும் முறையிலும் எந்த வகையில் வேறுபடுகிறது, இந்த மண்ணோடு அதற்கு எத்தனை தலைமுறைத் தொடர்பு என்பதைச் சான்றுகளோடு காட்டியாக வேண்டும். பழைய பாவாடைகள், புகைப்படங்கள், மூத்தவர்களின் வாய்மொழி ஆகியவற்றை இப்போதே சேகரிக்கத் தொடங்குங்கள். மரபிலிருந்து நீங்களே புதிதாக உருவாக்கும் கோலங்களின் நிலை வேறு. அவற்றை வடிவமைப்பாகப் பதிவு செய்யலாம். பதிவு செய்யாமல் தொழில்முறையில் 50 படிகளுக்கு மேல் உருவாக்கிவிட்டால், அந்தக் கோலத்தின் மீதான பதிப்புரிமையும் இல்லாமல் போகும் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு சொல்கிறது. பெரிய ஆர்டர் வருமுன் பதிவை முடித்துவிடுங்கள்.

கேள்வி (தருமபுரி, லோகோவும் அட்டைப்பெட்டியும் வடிவமைக்கும் இளைஞர்): பெங்களூரு நிறுவனங்களுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். பணம் ஆறு மாதம் இழுக்கிறது. எனக்கு எந்தத் திட்டமும் பொருந்தாது என்கிறார்கள்.

பதில்: மானியத் திட்டத்தைவிட உங்களுக்குப் பயன்படுவது சட்டம். வடிவமைப்பு ஒரு சேவைத் தொழில். நீங்கள் ஒருவரே வேலை செய்தாலும் உத்யம் பதிவு பெறலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. அடுத்த வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன்பே பதிவை முடித்து, அந்த எண்ணைப் பட்டியல்சீட்டில் அச்சிடுங்கள். குறு, சிறு நிறுவனத்திடம் சேவை பெற்றவர் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாள்களுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி சேரும். வருமான வரிச் சட்டத்தில் கொண்டுவந்த மாற்றத்தால், அந்தக் காலக்கெடுவும் கடந்து, நிதியாண்டு முடியும்போதும் செலுத்தாமல் வைத்திருக்கும் தொகையை அவர்கள் அந்த ஆண்டுச் செலவாகக் காட்டவும் முடியாது. வழக்குக்குப் போகாமலே இந்த இரண்டாவது விதியை அவர்களுடைய கணக்குப் பிரிவுக்கு நினைவூட்டினால் போதும், கோப்பு நகர்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

உங்கள் ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால், வெளிமாநிலத்துக்குச் சேவை செய்தாலும் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. லோகோவின் உரிமையை மாற்றிக் கொடுப்பதும் எழுத்தில் கையொப்பத்தோடு இருந்தால்தான் செல்லும். முழுத் தொகையும் வந்த பின்னரே உரிமை மாறும் என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி (பென்னாகரம், மூங்கில் கூடை முடைபவர்): விஸ்வகர்மா திட்டத்தில் சேரலாமா, கலைஞர் கைவினைத் திட்டத்திலா?

பதில்: கைவினைஞர்களுக்கான ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டத்தை இப்போதைய வடிவில் செயல்படுத்த இயலாது என்று மாநில அரசு 2024இல் தெரிவித்தது. அதற்கு மாற்றாக 2025 ஏப்ரலில் தொடங்கப்பட்டதே கலைஞர் கைவினைத் திட்டம். 25 வகைத் தொழில்கள், 3 லட்சம் வரை கடன், 25 சதவீத மானியம், அதிகபட்சம் 50,000 ரூபாய் என்ற அளவில் அது அறிவிக்கப்பட்டது. 35 வயது நிறைந்திருக்க வேண்டும். குடும்பத் தொழிலாக இருக்க வேண்டியதில்லை. உங்களுக்கு 35 ஆகவில்லையென்றால், சிறுதொழிலுக்கு வங்கிகள் தரும் முத்ரா கடனைக் கேளுங்கள்.

கேள்வி (ஓசூர், அனிமேஷன் பயின்ற பெண்): அனிமேஷன், விளையாட்டுத் துறைக்கு அரசு கோடிக்கணக்கில் ஒதுக்குகிறதாமே. இங்கே சிறு ஸ்டூடியோ தொடங்கினால் கிடைக்குமா?

பதில்: அந்தப் பணம் பெரும்பாலும் நிறுவனங்களை எழுப்புவதற்கு ஒதுக்கப்பட்டது. இத்துறைக்கான தேசிய உயர்மையத்துக்கு ஒன்றிய அமைச்சரவை 2024 செப்டம்பரில் ஒப்புதல் அளித்தது. அது மும்பையில் அமைகிறது. எல்லைக்கு அப்பால் கர்நாடகம் 2012லிருந்தே இத்துறைக்குத் தனிக் கொள்கை வைத்திருக்கிறது, ஆனால் அதன் சலுகை அங்கே பதிவு செய்த நிறுவனத்துக்கே உரியது. உங்களுக்குக் கைக்கெட்டுவது பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம். சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரையான திட்டத்தை ஏற்றுக்கொள்வார்கள். பெண்களுக்கு நகர்ப்புறத்தில் 25, ஊரகத்தில் 35 சதவீத மானியம் உண்டு. ஸ்டூடியோவை மாநகராட்சி எல்லைக்குள் வைப்பதா, சூளகிரிப் பக்கம் ஓர் ஊராட்சியில் வைப்பதா என்பதை வாடகையோடு இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி (போச்சம்பள்ளி, மாங்கூழ் ஆலை நடத்துபவர்): பெங்களூரா மாம்பழக் கூழைப் பீப்பாயில் அடைத்து ஏற்றுமதியாளருக்குக் கொடுத்து வந்தோம். இனி எங்கள் பெயரிலேயே பழச்சாறு பாட்டில் கொண்டுவரப் போகிறோம். முதலில் எதைச் செய்ய வேண்டும்?

பதில்: பெயர், பாட்டில், லேபிள் மூன்றும் வெவ்வேறு உரிமைகள். பாட்டிலின் வடிவம் உங்களுக்கென்றே உருவாக்கியதானால், அச்சு வெட்டக் கொடுக்கும் முன் வடிவமைப்புப் பதிவுக்கு விண்ணப்பியுங்கள். லேபிளை வரைபவரிடம் உணவுப் பாதுகாப்பு உரிம எண், நிகர அளவு, அதிகபட்ச விலை, தயாரிப்பு நாள், சத்துப் பட்டியல் ஆகியவற்றுக்கான இடத்தையும் எழுத்தளவையும் முன்னதாகவே கொடுத்துவிடுங்கள். அழகாக வரைந்து அச்சடித்த பிறகு இவற்றுக்கு இடமில்லாமல் ஸ்டிக்கர் ஒட்டும் நிலை பல ஆலைகளுக்கு வந்திருக்கிறது. பெயரை வணிகக் குறியாகப் பதிய, சிறு நிறுவனத்துக்கு இணையவழிக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். கூழ் 29ஆம் வகுப்பிலும் பழச்சாறு 32ஆம் வகுப்பிலும் வருவதால், இரண்டையும் ஒரே பெயரில் விற்பதானால் இரு வகுப்புகளுக்கும் கட்டணம் செலுத்த வேண்டும்.